சிமெண்டும் சுட்ட களிமண்ணும்

வீடு கட்டுவதால் காற்றில் எவ்வளவு கரியமில வாயு கலக்கிறது என்று யாரேனும் கேட்டால், நம்மில் பலரும் செங்கல் லாரியையும் சிமெண்டு ஆலையின் நெடிய புகைபோக்கியையும் நினைத்துக்கொள்வோம். புகைபோக்கியைச் சொன்னவர் பாதி விடை சொன்னவர். மறுபாதி, அதுவும் பெரிய பாதி, எரிக்கும் கரியிலே இல்லை, கல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால், இன்று உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் 'கரியமில வாயு குறைந்த கட்டடம்' என்று பேசப்படும் பேச்சின் சாரம் விளங்கிவிடும். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டுள்ள பொருளும் இதுவே. ஆகவே சங்கத்து நண்பர்களுக்கு, அவர்களுள்ளும் இரசாயனம் படியாதவர்களுக்கு, இதனைக் கூடியவரை எளிதாகச் சொல்ல முற்படுகிறேன்.

நான் குடியிருக்கும் தாபோடியைத் தெரியாதவர் நம் சங்கத்தில் இருக்கமாட்டார்கள். பவனா ஆறு முளா ஆற்றோடு கூடும் இடத்தை ஒட்டிய ஊர். இராணுவப் பொறியியற் கல்லூரி இருக்கும் ஊர். 2023 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் இங்கே நின்று போகத் தொடங்கிவிட்டது. அதன் தூண்கள் எழும்பிய வேகத்திலேயே அடுக்குமாடிகளும் எழும்புகின்றன. கலவை இயந்திரத்தைச் சுழற்றிக்கொண்டு போகும் லாரிகளுக்கு வழிவிட்டு நின்றால் ரயிலைத் தவறவிடவேண்டியதுதான். இத்தனைக்கும் அடிப்படை சிமெண்டு. உலகம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 400 கோடி டன் சிமெண்டு செய்கிறது. சீனாவுக்கு அடுத்தபடி நம் நாடு. நம் பங்கு ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல். மனிதன் காற்றில் விடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பங்கு இந்த ஒரு பொருளால் வருகிறது. நம் நாட்டிலோ வீடில்லாதவர்களுக்கு வீடும், பாலமில்லாத ஊருக்குப் பாலமும் இனிமேல்தான் கட்டப்படவேண்டியிருக்கிறது. கட்டாதே என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எதைக்கொண்டு கட்டுவது என்பதே கேள்வி.

சிமெண்டின் உயிர்நாடி 'கிளிங்கர்' என்னும் கரும்பச்சை நிறக் கட்டி. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் பொடித்துக் கலந்து, சுழலும் சூளையிலிட்டு, ஏறத்தாழ 1450 டிகிரி வெப்பத்தில் சுட்டால் அது கிடைக்கிறது. அதைச் சிறிது ஜிப்சத்தோடு அரைத்தால் சிமெண்டு. லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் 'போர்ட்லண்டு சிமெண்டு' என்று பெயரிட்டு உரிமை பெற்ற நாள்முதல் சூளையும் வெப்பமும் பெரிதும் மாறியிருக்கின்றன, மூலப்பொருள் மாறவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். சுண்ணாம்புக்கல் என்பது சுண்ணாம்பும் கரியமில வாயுவும் சேர்ந்த பொருள். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் சிப்பிகளும் கிளிஞ்சல்களும் கல்லாகிக் கிடக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த கடலின் உயிர்கள் தண்ணீரில் கரைந்திருந்த வாயுவை ஓடாக்கிக் கல்லில் பூட்டி வைத்துவிட்டுப் போயின. நாம் சூளையில் அந்தப் பூட்டைத் திறக்கிறோம். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். கிளிங்கரில் நூற்றுக்கு 65 பங்கு சுண்ணாம்பு. ஆகவே ஒரு டன் கிளிங்கர் செய்யக் கல்லிலிருந்து மட்டும் 500 கிலோவுக்குச் சற்று அதிகமான வாயு வெளிப்படும். சூளையை எரிக்கும் கரியிலிருந்து வருவது ஏறக்குறைய 300 கிலோ. சூளையைச் சூரிய வெப்பத்தாலேயே எரித்தாலும், மின்சாரத்தாலேயே எரித்தாலும், அந்த 300 கிலோதான் குறையும். 500 அப்படியே நிற்கும். மற்ற ஆலைத்தொழில்கள் பலவற்றுக்குச் சொல்லும் மருந்து சிமெண்டுக்கு முழுதும் பலிக்காததன் காரணம் இதுவே. எரிபொருளை மாற்றினால் போதாது, கிளிங்கரையே குறைக்கவேண்டும்.

ஒரு வீட்டின் அளவில் இதைப் பார்ப்போம். 1000 சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை சிமெண்டு பிடிக்கும் என்பது மேஸ்திரிமார் போடும் குத்துமதிப்பு. அதாவது 20 டன். ஏறக்குறைய முழுதும் கிளிங்கரான சாதாரணச் சிமெண்டைக்கொண்டு கட்டினால், குடிபுகுமுன் பால் காய்ச்சும் நேரத்துக்கெல்லாம் சுமார் 16 டன் கரியமில வாயு காற்றில் கலந்திருக்கும். விசிறிக்கும் குளிர்சாதனத்துக்கும் ஆகும் மின்சாரம் இதைவிடப் பெரிதல்லவா என்று சிலர் கேட்கலாம். ஐம்பது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் பெரிதுதான். ஆனால் மின்சாரம் வருங்காலத்தில் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வரும். நாளடைவில் அந்தக் கணக்கு இறங்கும். சுவரில் பூசிய சிமெண்டின் கணக்கு பூசிய அன்றே முடிந்துவிட்டது. பிறகு திருத்த முடியாது.

கிளிங்கரைக் குறைப்பது புதிய எண்ணம் அன்று. அனல்மின் நிலையங்களில் கரி எரிந்த பிறகு மிஞ்சும் பறக்கும் சாம்பலை நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சிமெண்டில் சேர்க்க நம் நாட்டுத் தரவிதி இடம் தருகிறது. இரும்பு ஆலைக் கசடைச் சேர்க்கும் சிமெண்டும் உண்டு. இன்று நம் நாட்டுக் கடைகளில் வாங்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை சாம்பல் சேர்ந்தவைதான். பலர் அறியாமலே வாங்குகிறார்கள். நல்ல ஏற்பாடே. ஆயினும் இரும்புக் கசடு ஆலைகள் தருகிற அளவுதான் கிடைக்கும். சாம்பலோ, நிலக்கரியை எரிக்கும்வரையில் வரும்; கரியை நிறுத்தவேண்டும் என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, கரியின் சாம்பலை நம்பியே வீடு கட்டுவோம் என்று மறுபக்கம் சொல்வது பொருந்துமா? இவ்விரண்டுக்கும் அப்பால், எங்கும் ஏராளமாகக் கிடைக்கிற பொருள் ஒன்று தேவை. அது களிமண்.

இங்கே சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது நல்லது. நம் கொத்தனார்கள் சிமெண்டைக் காணுமுன் எதைக்கொண்டு கட்டினார்கள்? காளவாயில் சுட்டு நீற்றின சுண்ணாம்பைக் கொண்டு. வெல்லமும் கடுக்காயும் சேர்த்தார்கள் என்பதைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் வெறும் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த காரைக்கு ஒரு குறை உண்டு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித்தான் இறுகும், தண்ணீருக்கடியில் இறுகாது. ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சுண்ணாம்பும் மணலும் பிசைந்து ஓர் உருண்டை, சுண்ணாம்பும் மிதமாகச் சுட்ட களிமண் தூளும் பிசைந்து மற்றோர் உருண்டை. இரண்டையும் சில நாள் ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பின் தண்ணீரில் போடுங்கள். முதலாவது கரைந்து சேறாகும். இரண்டாவது நாளுக்கு நாள் கெட்டிப்படும். அந்தச் சுட்ட மண்தூளுக்குத்தான் 'சுர்க்கி' என்று பெயர். உரோமர்கள் இதே வேலைக்கு எரிமலைச் சாம்பலைப் பயன்படுத்தினார்கள்.

சுர்க்கியின் பெருமைக்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டாம். பென்னிகுவிக் 1887-இல் தொடங்கி 1895-இல் முடித்த முல்லைப் பெரியாற்று அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவையால் கட்டப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் விழுந்த தண்ணீரை மதுரைச் சீமைக்குத் திருப்பிய அணை அது. பிற்காலத்தில் கான்கிரீட்டால் அதை வலுப்படுத்தினார்கள். அதைப்பற்றிய வழக்குகளை நண்பர்கள் அறிவார்கள். அவை இக்கட்டுரைக்குப் பொருளல்ல. மைசூருக்கருகே உள்ள கிருஷ்ணராஜ சாகர அணையும் சுர்க்கிக் காரையில் எழுந்ததே. இதற்கிடையில் 1904-இல் சென்னையில் கடற்சிப்பியைச் சுட்டுச் சிமெண்டு செய்ய முயன்றார்கள், அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் ஆலை ஓடத்தொடங்கிய பிறகு, சிமெண்டு மெல்ல மெல்லச் சுர்க்கியை அரங்கத்தைவிட்டு வெளியேற்றியது. விரைவாக இறுகுவதும், எங்கும் ஒரே தரமாகக் கிடைப்பதும் சிமெண்டின் நிறைகள். அவற்றை மறுத்து, பழையதே சிறந்தது என்று வாதிடுவோர் கட்சியில் நான் இல்லை.

சுட்ட மண் ஏன் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகுகிறது? களிமண் என்பது ஒரே பொருள் அன்று. மிக நுண்ணிய தகடுகளாலான பல கனிமங்களுக்குப் பொதுப்பெயர். அவற்றுள் 'கயோலினைட்' என்பது பீங்கான் செய்யும் வெண்களிமண்ணின் உட்பொருள். அதன் தகடுகளுக்குள்ளே நீரின் கூறுகள் பிணைந்திருக்கின்றன. 700 முதல் 850 டிகிரி வரை சுட்டால் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். கரியமில வாயு அன்று, வெறும் நீராவி! நீரை இழந்த தகடுகள் ஒழுங்கு குலைந்து நிற்கும். அந்த நிலையில் சுண்ணாம்பு கிடைத்தால் விடாமல் பற்றிக்கொண்டு புதிய பிணைப்பாக மாறும். இன்னும் சூடேற்றி 950 டிகிரியைத் தாண்டினால் மண் மறுபடி ஒழுங்குபட்டு உறங்கிப்போகும். ஆகையால்தான் வெந்து கருகிய செங்கல் சுர்க்கிக்கு ஆகாது என்று பழைய மேஸ்திரிகள் ஒதுக்கினார்கள். அவர்களிடம் வெப்பமானி இல்லை. நிறத்தைக் கண்டும், தட்டிய ஒலியைக் கேட்டும் தெரிந்துகொண்டார்கள்.

இந்தச் சுட்ட களிமண்ணை இன்றைய சிமெண்டோடு இணைத்தவர்கள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரேன் ஸ்கிரிவனரும், கியூபா நாட்டின் பெர்னாண்டோ மார்ட்டிரேனாவும், அவர்களோடு சேர்ந்த நம் நாட்டு ஆராய்ச்சியாளரும் ஆவர். சென்னை, டெல்லி, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களின் ஐ.ஐ.டி.களும் இதில் பெரும்பங்கு கொண்டன. இதற்கு 'எல்.சி.3' என்று பெயர். அதன் பங்கீடு நூற்றுக்கு 50 கிளிங்கர், 30 சுட்ட களிமண், 15 சுடாத சுண்ணாம்புக்கல் தூள், 5 ஜிப்சம். நுட்பம் எங்கே இருக்கிறது என்றால் அந்த 15 பங்குச் சுண்ணாம்புக்கல்லில் இருக்கிறது. வழக்கமாக அது வெறும் இட்டுநிரப்பியாகக் கிடக்கும். இங்கேயோ களிமண்ணிலுள்ள அலுமினா அதனோடு கூடிப் புதிய படிகங்களை உண்டாக்கி நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. கல்லைச் சுடவில்லை, அதனால் அதன் பூட்டும் திறக்கப்படவில்லை. கிளிங்கரில் பாதி போய்விட்டது, வலிமை போகவில்லை. சாதாரணச் சிமெண்டோடு ஒப்பிட்டால் கரியமில வாயு நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு குறைகிறது. முன்சொன்ன வீட்டுக்கு 16 டன்னுக்குப் பதில் ஏறக்குறைய 10 டன். ஜான்சியில் இதைக்கொண்டு ஒரு மாதிரி வீடும் கட்டிப் பார்த்தார்கள். 2023-இல் இந்தியத் தரநிறுவனம் இதற்கென ஐ.எஸ். 18189 என்னும் விதியை வெளியிட்டது. ஆகவே இது இனி ஆராய்ச்சிக்கூடத்துப் பொருள் மட்டுமன்று.

குறைகளையும் சொல்லவேண்டும். சாம்பல் சேர்ந்த சிமெண்டோடு ஒப்பிட்டால் எல்.சி.3-இன் இலாபம் பெரிதன்று. அந்த வீட்டுக்கு ஓரிரண்டு டன்தான் வித்தியாசம் வரும். சுட்ட களிமண் தண்ணீரை நிறைய உறிஞ்சும். கலவை இறுகலாக இருக்கும். வேலைக்காரர் வாளித் தண்ணீரை ஊற்றி இளக்கினால் வலிமை கெடும். 'அட்மிக்சர்' என்னும் நீர்குறைப்பு மருந்தைச் சேர்க்கவேண்டும். முதல் ஓரிரு நாள் வலிமை சற்றுக் குறைவு. இன்னொன்று, கான்கிரீட்டிலுள்ள காரம்தான் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. எல்.சி.3-இல் சுண்ணாம்பின் மிச்சம் குறைவாதலால், காற்றிலுள்ள கரியமில வாயு அந்தக் காரத்தை விரைவில் முறித்துவிடக்கூடும். கம்பிக்கு மேல் போதிய கனம் விடுவதிலும், தண்ணீர் ஊற்றி ஆறவிடுவதிலும் கஞ்சத்தனம் கூடாது. ஆனால் உப்பை அது உள்ளே விடாது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வீட்டுக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நிறத்தைப்பற்றி ஒரு செய்தி. மண்ணில் இரும்பு இருந்தால் சுட்ட தூள் சிவக்கும், சிமெண்டும் இலேசாகச் சிவக்கும். தாபோடியில் வேலை செய்யும் நம்மூர் மேஸ்திரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "சிவப்பு சிமெண்டை யார் தம்பி வாங்குவாங்க? செங்கல் பொடியைக் கலந்து ஏமாத்துறான்னு மூட்டையைத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். "அண்ணே, பெரியாற்று அணையே செங்கல் பொடியில் நிற்கிறதே" என்றேன். "அணை கட்டினவன் மண்ணைப் பாத்துச் சுட்டான். இவன் எந்தச் செங்கல்லைப் பொடிச்சானோ, யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். என் ஆராய்ச்சியின் கேள்வியை அவர் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. ஒரு காலத்தில் கைத்திறனுக்கு அடையாளமாக இருந்த பொருள், மண்ணைப் பார்த்துச் சுடும் அறிவு மறைந்தபின், கலப்படத்துக்குப் பெயராகிவிட்டது. (சுட்ட மண்ணைப் பிராணவாயு படாமல் ஆறவிட்டால் சாம்பல் நிறமாக்கலாம். வாங்குவோர் கண்ணுக்காகச் சில ஆலைகள் அதையும் செய்யத்தான் வேண்டும்.)

எந்த மண் ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு உண்டு. தூய கயோலினைட்டைச் சுட்டால் எடையில் நூற்றுக்கு 14 பங்கு நீராகப் போகும். ஆகவே மண்ணை நன்கு உலர்த்தி, சூடேற்றிக்கொண்டே எடை பார்க்கும் கருவியில் வைத்து, 400 முதல் 600 டிகிரிக்குள் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறோம். 100 கிராமில் 5.6 கிராம் குறைந்தால், அந்த மண்ணில் கயோலினைட் 40 பங்கு. அந்த 40 பங்கு இருந்தால் எல்.சி.3-க்குப் போதும். பீங்கான் ஆலைக்காரர்கள் வெண்மை போதவில்லை என்று சுரங்க ஓரத்தில் கொட்டிவைத்திருக்கும் மண்ணே இதற்கு ஆகும். வயல் மண்ணைத் தொடவேண்டியதில்லை.

இதில் நம் தாபோடி மண்ணின் நிலை வருந்தத்தக்கது. தக்காணத்துப் பாறை எரிமலைக் குழம்பு ஆறி உண்டானது. வயது சுமார் 6.6 கோடி ஆண்டு. அது சிதைந்து வந்த கரிசலில் மிகுந்திருப்பது கயோலினைட் அன்று, 'மாண்ட்மோரில்லோனைட்' என்னும் வேறு கனிமம். மழைக்கு வீங்கி வெயிலுக்கு வெடிக்கும் குணம் அதனால் வந்தது. பருத்திக்கு நல்ல மண். அடித்தளம் போடுவோர்க்குத் தலைவலி. சுட்டாலும் சோம்பலாகவே வினைபுரியும். அமுக்கிச் செய்யும் மண்கல்லுக்கும் இது எளிதில் இணங்காது. (பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-இல் தொடங்கிய 'அஸ்த்ரா' குழுவும், ஆரோவில்லின் மண்கட்டடக் கழகமும் சுடாத மண்கற்களைப் பரப்பியது பெரும்பாலும் செம்மண்ணைக் கொண்டே.) மராட்டியத்தில் கயோலினைட் வேண்டுமானால் மலைத்தொடரின் மேலும் கொங்கணத்திலும் உள்ள செம்பாறாங்கல்லுக்கோ, சிந்துதுர்க் மாவட்டத்து வெண்களிமண்ணுக்கோ போகவேண்டும். அங்கிருந்து பூனாவுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இம்மாநிலத்துச் சிமெண்டு ஆலைகள் பலவும் சந்திரப்பூர்ப் பக்கம், நேர் எதிர்த்திசையில் இருக்கின்றன. மண்ணை லாரியில் ஏற்றி இழுத்தால் மிச்சம் பிடித்த வாயுவில் ஒரு பகுதியைச் சாலையிலேயே விட்டுவிடுவோம். கரிசலையே ஏதேனும் முறையில் பழக்கமுடியுமா என்பதுதான் நான் பார்க்க எடுத்துக்கொண்டிருக்கும் வேலை. அரைக்கும் நுண்மையைக் கூட்டுவது, வெப்பத்தை மாற்றுவது, செம்பாறாங்கல்லோடு கலப்பது என்று மூன்று வழிகள் முன்னே இருக்கின்றன. மூன்றும் பலிக்காமலும் போகலாம்.

தமிழ்நாட்டின் நிலை இதற்கு நேர்மாறு. அரியலூரில் சுண்ணாம்புக்கல், சாலைவழி நூறு கிலோமீட்டருக்குள் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்த வெண்களிமண். ஊர்களில் ஓடு சுட்டவர்களும், சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தவர்களும், குயவர்களும் எந்த மண் எந்த வேலைக்கு ஆகும் என்று தலைமுறையாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்த இடங்களுள் எவை கயோலினைட் மண் என்பதற்கு ஊர்வாரியான பட்டியல் ஒன்று இருந்தால் மிகவும் பயன்படும். அதைத் தொடங்குவதற்கு நம் சங்கத்தைவிடப் பொருத்தமான கூட்டத்தை நான் காணவில்லை. இருபது மாவட்டத்து மாணவர்கள் இங்கே ஒன்றாகச் சாப்பிடுகிறோமே!

ஆகவே தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊர் செல்லும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பழைய ஓட்டுச்சூளை, குயவர் மண்ணெடுத்த குழி, வெண்களிமண் தெரியும் கிணற்று வெட்டு ஏதேனும் இருந்தால், நிலத்துக்கு உரியவரைக் கேட்டுக்கொண்டு அரைக் கிலோ மண் எடுத்து வாருங்கள். மேல்மண் வேண்டாம்; மூன்றடிக்குக் கீழேயிருந்து எடுங்கள். ஈரமாக இருந்தால் இரண்டு நாள் நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். ஊர், வட்டம், எவ்வளவு ஆழம், அந்த மண்ணை அங்கே எதற்குப் பயன்படுத்தினார்கள் என்ற விவரங்களைப் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். மையால் எழுதினால் ஈரத்தில் அழிந்துவிடும்.